ஒரே கோப்பு, பல கைகள்

யூனிக்ஸ் மரபில் ஒருவருக்கு வரும் அஞ்சல் முழுவதும் ஒரே கோப்பில் கிடக்கும். எம்பாக்ஸ் என்று அதற்குப் பெயர். புதுக் கடிதம் அதன் வாலில் ஒட்டப்படும். அழிக்கப்படும் கடிதம் நடுவிலிருந்து வெட்டப்பட்டு, மிச்சம் மேலேற்றி எழுதப்படும். ஒட்டுவது ஒரு நிரல், வெட்டுவது இன்னொன்று, எட்டிப் பார்த்துப் ‘புது அஞ்சல் இருக்கிறது’ என்று சொல்வது மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் எழுதினார்கள். வெட்டும் நிரல் கோப்பைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் ஒட்டும் நிரல் உள்ளே நுழைந்தால் ஒரு கடிதம் தொலையும், அல்லது இரண்டு கடிதங்கள் ஒன்றோடொன்று கலக்கும். தொலைந்தது அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது.

இதைத் தவிர்க்க வந்த பூட்டு முறைகள் பல. ஒவ்வொன்றுக்கும் பற்றாளர்கள் உண்டு. ஒவ்வொன்றையும் வசைபாடும் கூட்டமும் உண்டு. பற்றையும் வசையையும் ஒதுக்கிவிட்டு மூன்று கேள்விகளால் அவற்றை எடைபோடலாம். ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் நுழையாமல் முறை காக்கிறதா? பூட்டைப் பிடித்த நிரல் பாதியில் செத்தால் என்ன ஆகும்? அறிமுகமற்ற நிரல்கள் ஒரே முறைக்குக் கட்டுப்படும்படி அது உடன்பாட்டை உண்டாக்குகிறதா? முதல் கேள்விக்கே பாடநூல்கள் எல்லா இடத்தையும் ஒதுக்கிவிடுகின்றன. முறைகள் தோற்ற இடமெல்லாம் மூன்றாவது கேள்வியில்தான்.

பகிர்ந்த கணினியில் அஞ்சல் என்ற அனுபவம் நமக்கு இரவல் அல்ல. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒரு கண்ணி. ஆனால் அது ஆய்வாளர்களின் வட்டம். பொதுமக்களுக்கு வாசல் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் இணைய இணைப்பு தரத் தொடங்கியபோது. மாணவர்களுக்கும் சிக்கனக்காரர்களுக்கும் கிடைத்தது எழுத்து மட்டும் காட்டும் ஷெல் கணக்கு. மோடம் வழியாகச் சென்னையிலுள்ள யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, மெனுவில் பைன் என்ற அஞ்சல் நிரலைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே உட்கார்ந்து அஞ்சல் படிக்க வேண்டும். அந்தக் கால முகவரிகளில் ‘ஜியாஸ்எம்டி01’ என்று ஒரு வால் இருக்கும். சென்னையின் அந்தப் பகிர்ந்த கணினியின் பெயர் அது.

மரக்காணம் உப்பளக் கரையை இங்கே சோதனைக் களமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கழுவெளியின் முகத்துவாரத்தை ஒட்டி நீளும் இந்தக் கரையில் இருந்தவருக்கு 1995இல் இணையம் என்றால் சென்னைக்கு எஸ்.டி.டி. அழைப்பு. கம்பியில் இரைச்சல் கூடினால் மோடம் துண்டித்துக்கொள்ளும். பணம் கொடுத்தவர் வெளியே விழுந்துவிடுவார். அவர் பெயரில் ஓடிய நிரல் உள்ளே பூட்டைப் பிடித்தபடி கிடக்கலாம். நல்ல கம்பிகள் உள்ள வளாகத்தில் எழுதிய நிரல் எந்த அளவுக்கு முன்யோசனை உடையது என்பதை இப்படிப்பட்ட கரைதான் காட்டிக்கொடுக்கும்.

சர்வரிலிருந்து அஞ்சலை எடுக்க உதவும் பாப்-3 நெறிமுறையை முதலில் இந்தக் களத்தில் நிறுத்துவோம். 1996இன் வரையறைப்படி, பயனர் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும் சர்வர் அஞ்சல் பெட்டியைத் தனியுரிமையாகப் பூட்டவேண்டும். ‘க்விட்’ சொல்லி முறையாக வெளியேறினால்தான் அழிக்கச் சொன்ன கடிதங்கள் அழியும். தரவைக் காப்பதில் இது பழுதற்ற விதி: கம்பி அறுந்தால் எதுவும் தொலைவதில்லை. ஆனால் சும்மா கிடக்கும் இணைப்பைச் சர்வர் தானே துண்டிப்பதற்கான காலவரம்பு குறைந்தது பத்து நிமிடம் இருக்கவேண்டும் என்றும் அதே வரையறை சொல்கிறது. கம்பி அறுந்ததைச் சர்வர் வேறு வழியில் உணராவிட்டால், மறுபடி எஸ்.டி.டி. போட்டு வருபவருக்குக் கிடைப்பது ‘பெட்டி பூட்டப்பட்டுள்ளது’ என்ற பதில். அவரைத் தடுப்பது அவருடைய சொந்தப் பேய்தான். கடிதங்களுக்கு நேர்மையாக இருக்கும் விதி, மனிதரிடம் கறாராக நடந்துகொள்கிறது.

பைன் வேறு விதமாக யோசித்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் எழுதிய சி-கிளையன்ட் நூலகம்தான் அதன் அடித்தளம். அந்நூலகம் இரண்டு பூட்டுகளைப் பிரித்து வைத்தது. கோப்பில் எழுதும் சில நொடிகளுக்கு மட்டும் ஒரு பூட்டு. ‘இந்தப் பெட்டியை ஒருவர் திறந்து வைத்திருக்கிறார்’ என்பதைக் குறிக்க, தற்காலிக அடைவில் அமர்வுப் பூட்டு ஒன்று. அந்த இரண்டாவது கோப்பில் திறந்தவரின் செயல் எண் எழுதப்பட்டிருக்கும். அதே பயனர் இன்னொரு பைனைத் திறந்தால், புதியது பழையதற்குச் சமிக்ஞை அனுப்பும். பழையது எழுதும் உரிமையை விட்டுக்கொடுத்து, படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு இறங்கிவிடும். பழையது ஏற்கனவே செத்திருந்தால் இயங்குதளத்தின் கருவான கெர்னலே பூட்டை விடுவித்திருக்கும்.

‘மரண முத்தம்’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டை நான் உயர்வாகவே மதிப்பிடுகிறேன். இரண்டு நிரல்களின் மோதலாக மட்டும் பார்க்காமல், இரண்டு நிரல்களுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள் என்பதை உணர்ந்த வடிவமைப்பு அது. கடைசியாக வந்த நிரல்தான் ஆள் உட்கார்ந்திருக்கும் நிரல், அதற்கே முன்னுரிமை. அமர்வுப் பூட்டு இருக்கும்போதும் புதுக் கடிதத்தை ஒட்டும் நிரல் தடையின்றி ஒட்டலாம் என்பதும் சரியான பாகுபாடு. குறை, எல்லையில் இருக்கிறது. சமிக்ஞை ஒரே கணினிக்குள்தான் செல்லும். பெட்டி வலைவழிக் கோப்புமுறையில் இருந்து இரண்டு கணினிகள் அதைத் தொட்டால் இந்த நாகரிகம் செல்லாது. சி-கிளையன்ட் அல்லாத நிரல்களுக்கு அந்தத் தற்காலிகக் கோப்பைப் பற்றி எதுவுமே தெரியாது. தன் குடும்பத்துக்குள் பண்பு, வெளியாருக்கு மௌனம்: மூன்றாவது கேள்வியில் பைன் பாதி மதிப்பெண்தான் பெறும்.

இனி வெளியாரோடும் பேசும் பூட்டுகளுக்கு வருவோம். மிகப் பழையது டாட்-லாக். அஞ்சல் கோப்பின் பெயரோடு ‘.லாக்’ என்று சேர்த்து இன்னொரு கோப்பை உண்டாக்குவது. அது இருக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பது. கெர்னலின் தனி ஆதரவு வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம், அடைவைப் பட்டியலிட்டால் பூட்டு கண்ணுக்குத் தெரியும். நள்ளிரவில் கோளாறு தேடும் நிர்வாகிக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய கொடை. ஆனால் எழுதிய நிரல் செத்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். அதை உண்டாக்க அஞ்சல் அடைவில் எழுதும் உரிமை வேண்டும். ஆகவே ஒன்று அடைவை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும், அல்லது அஞ்சல் படிக்கும் நிரலுக்கு ‘மெயில்’ குழுவின் அதிகாரத்தைக் கடனாகத் தரவேண்டும். முதலாவதில், அடுத்தவர் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கி அவருடைய அஞ்சலை யாரும் முடக்கிப்போடலாம். இரண்டாவதில், பாதுகாப்புப் பிழைகளுக்குக் கதவு திறக்கிறது. மட் என்ற அஞ்சல் நிரலும் சி-கிளையன்டும் பூட்டும் வேலைக்கு மட்டும் சிறு துணைநிரல் ஒன்றை வைத்து அதற்கு மட்டும் அதிகாரம் கொடுத்தன. அடக்கமான தீர்வு; இருக்கிற தீர்வுகளில் குறைந்த தீங்கு.

கெர்னல் பூட்டுகள் இரண்டு. 1983இன் பெர்க்லி யூனிக்ஸ் 4.2 தந்த ஃப்ளாக்; போசிக்ஸ் தரப்படுத்திய எஃப்சிஎன்டிஎல். பிடித்தவர் செத்தால் இரண்டும் தாமே விடுபடும். இரண்டாவது கேள்விக்கு இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. இரண்டுமே அறிவுறுத்தும் பூட்டுகள்தான், தடுக்கும் பூட்டுகள் அல்ல. ஒரே வாய்க்காலில் உப்புநீர் எடுக்கும் இரண்டு அளக்காரர்களில் ஒருவர் முறை தவறி மடையைத் திறந்தால் மடை ஒன்றும் சொல்லாது. பூட்டைக் கேட்காமல் எழுதும் நிரலைக் கெர்னலும் அப்படியே விட்டுவிடும்.

எஃப்சிஎன்டிஎல்லின் ஒரு விதி இன்றுவரை மன்னிக்க முடியாதது. பூட்டு கோப்புத் திறப்பைச் சேர்ந்ததல்ல, செயலைச் சேர்ந்தது. அதே செயலுக்குள் வேறொரு பகுதி அதே கோப்பைத் திறந்து, அளவைப் பார்த்துவிட்டு மூடினால், முதல் பகுதி பிடித்திருந்த பூட்டும் சத்தமின்றிக் கழன்றுவிடும். ‘புது அஞ்சல் உண்டா’ என்று பார்க்கும் ஒரு சிறு நூலகச் செயல்பாடு, நடுவில் கோப்பைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கும் பகுதியை நிராயுதபாணியாக்கிவிடலாம். லினக்ஸ் 2014இல், கெர்னல் 3.15இல்தான், திறப்பைச் சார்ந்த மாற்றுப் பூட்டைச் சேர்த்தது. ஃப்ளாக்குக்கு இந்த நோய் இல்லை. ஆனால் லினக்ஸில் வெகுகாலம் அது என்எஃப்எஸ் என்ற வலைவழிக் கோப்புமுறையில் உள்ளூர்க் கணினிக்கு மட்டுமே பொருள்பட்டது; 2005இன் 2.6.12 கெர்னலுக்குப் பிறகே என்எஃப்எஸ்ஸில் அது எஃப்சிஎன்டிஎல் பூட்டாக மாற்றி அனுப்பப்பட்டது. அழகான ஒன்று தன் வீட்டை விட்டு வெளியே செல்லவில்லை. அவலட்சணமான ஒன்று ஊரெல்லாம் போனது.

என்எஃப்எஸ்தான் எல்லா முறைகளுக்கும் உண்மையான தேர்வு. அதன் இரண்டாம் பதிப்பில் ‘இல்லாவிட்டால் மட்டும் உண்டாக்கு’ என்ற கட்டளையே கிடையாது. டாட்-லாக்கின் அடித்தளமே அங்கே ஆட்டம் கண்டது. அதற்கு நிரலாளர்கள் கண்ட மாற்று வழி உண்மையிலேயே நுட்பமானது. தனித்த பெயரில் ஒரு கோப்பை உண்டாக்கு. அதைப் பூட்டுக் கோப்பின் பெயரோடு இணை. இணைப்பின் வெற்றி தோல்விச் செய்தியை நம்பாதே. உன் கோப்பின் இணைப்பு எண்ணிக்கை இரண்டாகி இருக்கிறதா என்று பார். சர்வர் வேலையைச் செய்துவிட்டுப் பதில் வழியில் தொலைந்திருக்கலாம் என்பதால் பதிலைவிட விளைவை நம்பும் முறை இது. தரமான சிந்தனை.

ஆனால் டாட்-லாக்கைச் சரியாகப் பிடித்த பிறகும் ஓர் ஓட்டை மிஞ்சுகிறது. கிளையன்ட் கணினி கோப்பின் அளவையும் உள்ளடக்கத்தையும் கேஷில் வைத்திருக்கும். இன்னொரு கணினி ஒரு கடிதத்தை ஒட்டிவிட்டுப் பூட்டை விடுவித்த மறுகணம், இந்தக் கணினி பூட்டைப் பெற்று, கேஷிலுள்ள பழைய அளவை நம்பி எழுதினால் புதுக் கடிதத்தின் மேலேயே எழுதும். எஃப்சிஎன்டிஎல் பூட்டைப் பெறும்போது கிளையன்ட் சர்வரிடம் கேட்டுக் கேஷைப் புதுப்பித்துக்கொள்ளும். டாட்-லாக் அதைச் செய்யாது. மறுபக்கம், என்எஃப்எஸ் பூட்டுச் சேவை நான்காம் பதிப்புக்கு முன்பு பின்னணியில் இயங்கும் தனி டீமனாக ஓடியது. அது படுத்துவிட்டால் எஃப்சிஎன்டிஎல் கேட்ட நிரல்கள் வரிசையாக உறைந்து நிற்கும். ஒன்று பூட்டும், புதுப்பிக்காது. மற்றொன்று புதுப்பிக்கும், சில நாள் பூட்டவே வராது. இரண்டையும் சேர்த்துப் பிடி என்ற முடிவுக்குப் பலரும் வந்தது இதனால்தான்.

சேர்த்துப் பிடிக்கச் சொன்னவுடன் எழுவது வரிசைச் சிக்கல். கடிதத்தைப் பெட்டியில் ஒட்டும் போஸ்ட்ஃபிக்ஸ் லினக்ஸில் இயல்பாக முதலில் எஃப்சிஎன்டிஎல், பிறகு டாட்-லாக் பிடிக்கும். கடிதத்தைப் பயனருக்கு எடுத்துக்கொடுக்கும் சர்வரான டோவ்காட்டின் மூல அமைப்பு எழுதுவதற்கு முதலில் டாட்-லாக், பிறகு எஃப்சிஎன்டிஎல் என்கிறது. இரண்டையும் ஒரே கணினியில் நிறுவி எதையும் மாற்றாமல் விட்டால், ஒன்று முதல் பூட்டைப் பிடித்து இரண்டாவதற்குக் காத்திருக்கும். மற்றது இரண்டாவதைப் பிடித்து முதலாவதற்குக் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் நொடிக்கு ஒருமுறையாக இருபது முறை முயன்றுவிட்டு, கடிதத்தைப் பிறகு கொடுக்கலாம் என்று வரிசைக்குத் திருப்பிவிடும். ஆகவே அழிவு இல்லை, தாமதம்தான். இதைக் காரணம் காட்டிச் சிக்கலைச் சிறிதென்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. தனித்தனியே சரியான இரண்டு நிரல்கள் சேர்ந்தால் தவறாகின்றன என்றால், குறை இரண்டுக்கும் நடுவே எழுதப்படாமல் விட்ட உடன்பாட்டில் இருக்கிறது.

அந்த உடன்பாட்டை எழுத முனைந்தது டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் கொள்கை ஆவணம். அஞ்சல் பெட்டியைத் தொடும் எல்லா நிரல்களும் என்எஃப்எஸ்ஸிலும் பாதுகாப்பாகப் பூட்டவேண்டும். அதாவது எஃப்சிஎன்டிஎல்லும் டாட்-லாக்கும் இரண்டும் வேண்டும். எஃப்சிஎன்டிஎல் முதலில், டாட்-லாக் பிறகு. இல்லையேல் காத்திருக்காமல் முயலும் முறையில் இரண்டையும் செய். இரண்டாவது பூட்டு கிடைக்காவிட்டால் முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே. அதை விட்டுவிட்டு, தற்செயலான நேரம் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கு. இதை ஒவ்வொருவரும் தாமே எழுதி ஆளுக்கொரு பிழை செய்யாமல் இருக்க லிப்லாக்ஃபைல் என்ற நூலகத்தையும் அது கைகாட்டுகிறது.

இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எல்லாப் பகுதிகளும் முன்பே இருந்தவை. சாதனை வேறு இடத்தில்: நிரலாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றைச் சேர்ந்து வாழ்வதற்கான விதியாக மாற்றியது. ‘காத்திருக்காதே, கைவிட்டுத் திரும்பு’ என்ற துணைவிதி, வரிசையை மாற்றிப் பிடிக்கும் எக்ஸிம் போன்ற நிரலுக்கும் இடமளிக்கிறது. எக்ஸிம் டாட்-லாக்கை முதலில் பிடிக்கிறது. ஆனால் எஃப்சிஎன்டிஎல் உடனே கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மீண்டும் வருகிறது. வரிசையை மட்டும் கட்டளையிட்டிருந்தால் விதி விறைத்திருக்கும். பின்வாங்கலை மட்டும் கட்டளையிட்டிருந்தால் தளர்ந்திருக்கும்.

என்றாலும் இந்த ஆவணம் ஓர் இடத்தில் வாய் திறக்கவில்லை: கிடந்து போன டாட்-லாக்கை எப்போது உடைக்கலாம்? நிரல்களின் இயல்பு மதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். டோவ்காட், பெட்டியில் அசைவே இல்லாவிட்டால் 2 நிமிடத்தில் உடைக்கும். லிப்லாக்ஃபைல் 5 நிமிடம். போஸ்ட்ஃபிக்ஸ் 500 நொடி. ப்ராக்மெயில் 1024 நொடி. எக்ஸிம் 30 நிமிடம். ஐந்து நிரல்கள், ஐந்து பொறுமை. இவற்றில் மிகக் குறைந்த பொறுமையே எல்லோருக்கும் சட்டமாகிவிடுகிறது, ஏனென்றால் முதலில் உடைப்பவர் மற்ற நால்வருக்கும் சேர்த்து உடைக்கிறார். செயல் எண்ணைப் பூட்டுக் கோப்பில் எழுதி, அந்தச் செயல் உயிரோடு உண்டா என்று பார்ப்பது நல்ல வழி. ஆனால் அது ஒரே கணினிக்குள்தான் செல்லும். பெட்டி பெருத்திருந்தால் இந்த முரண்பாடு வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 90களில் தமிழ்.நெட் போன்ற மடலாடற் குழுக்களில் சேர்ந்தவர்களின் பெட்டி எவ்வளவு வேகமாக வீங்கும் என்பது அன்று இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் கடிதத்தை அழித்தால் மீதி முழுவதையும் திருப்பி எழுதவேண்டிய வடிவத்தில், பெட்டியின் அளவே பூட்டின் நேரம்.

இந்த வடிவத்தையே குற்றக்கூண்டில் நிறுத்தியவர் டேனியல் பெர்ன்ஸ்டீன். 1997இல் 1.0 பதிப்பாக வந்த க்யூமெயிலோடு அவர் தந்த மெயில்டிர், ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்றது. தற்காலிக அடைவில் தனித்த பெயரில் எழுது, வட்டில் பதிந்ததை உறுதிசெய், பிறகு ‘புதிது’ அடைவுக்கு நகர்த்து. பெயர் மாற்றம் அணுவளவும் பிளவுபடாத செயல் என்பதால் பாதிக் கடிதம் யார் கண்ணிலும் படாது. பூட்டு எதுவும் வேண்டாம், என்எஃப்எஸ்ஸிலும் வேண்டாம். கேள்வியைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் கேள்வி எழாத வீட்டைக் கட்டியது இந்த வடிவமைப்பு. இதன் ஒருமைப்பாடு எம்பாக்ஸ் முகாமில் எவருக்கும் வாய்க்காதது.

ஆயினும் ‘பூட்டே வேண்டாம்’ என்ற உரிமைகோரல், கடிதத்தை ஒட்டும் பக்கத்தில் மட்டுமே முழு உண்மை. கடிதம் படிக்கப்பட்டதா, பதில் எழுதப்பட்டதா என்ற குறிகளை மெயில்டிர் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறது. ஒரு நிரல் அடைவைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பெயரை மாற்றினால், இருக்கும் கடிதம் பட்டியலில் இல்லாமல் போகலாம். அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் நெறிமுறைக்கு மெயில்டிரைப் பயன்படுத்தியபோது இன்னொரு கடமையும் சேர்ந்தது: ஒவ்வொரு கடிதத்துக்கும் ஏறுவரிசையில், திரும்ப வராத ஓர் எண். எண்ணை ஒருவர்தான் வழங்க முடியும். வழங்குபவர் ஒருவராக இருக்கப் பூட்டு வேண்டும். 2002இல் டிமோ சிராய்னென் தொடங்கிய டோவ்காட், மெயில்டிருக்குள் தன் எண்பட்டியலுக்கு ஒரு பூட்டுக் கோப்பை வைக்கிறது. துரத்தப்பட்ட டாட்-லாக் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. இதை டோவ்காட்டின் குறையாகக் கருதுவது நியாயமல்ல; மெயில்டிர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு கடனை அது அடைத்தது. அடைத்ததோடு, பூட்டின் காலத்தை முழுப் பெட்டியைத் திருப்பி எழுதும் நேரத்திலிருந்து ஒரு சிறு பட்டியலைத் திருத்தும் நேரத்துக்குச் சுருக்கியது.

வடிவமைப்பு என்ற அளவில் முதலிடம் மெயில்டிருக்கே. அதன் ஆசிரியர் கோரிய அளவுக்கு அல்ல என்ற திருத்தத்தோடு. பல நிரல்களை ஒத்துப்போகச் செய்வதே நாம் எடுத்த பொருள் என்றால் முதலிடம் டெபியன் விதிக்கு, ஏனென்றால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த, யாரும் கைவிடத் தயாராக இல்லாத நிரல்களை அது கலைக்காமல் இணைத்தது. அந்த விதி இன்னும் ஒரு வரி கேட்கிறது: கிடந்து போன பூட்டை உடைக்க எல்லோருக்கும் பொதுவான ஒரே கால அளவு, பிடித்திருப்பவர் அந்த அளவுக்குள் கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும் கடமை. லிப்லாக்ஃபைலில் அந்தப் புதுப்பிப்புச் செயல்பாடு ஏற்கனவே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்காதது கொள்கையின் கூச்சம். பைனின் விட்டுக்கொடுக்கும் அமர்வுப் பூட்டை மூன்றாவதாக வைக்கிறேன். இன்றைய சர்வர்கள் அதிலிருந்து கற்கவேண்டியது இன்னும் உண்டு. பாப்-3இன் பத்து நிமிடச் சட்டம் நான்காவது. ஃப்ளாக்கை மட்டும் நம்பி எம்பாக்ஸைப் பழைய என்எஃப்எஸ்ஸில் வைத்த நிறுவல்களுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.